பையன்களுக்கு மட்டும் சொல்லாமல் விட்டது

இலங்கையில் தரம் 7 பிள்ளைகளுக்கென்று கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து உருவாக்கிய ‘ஹதே அபே பொத’ என்ற பாலியல் கல்வி நூல், 2020இல் பிக்குகள் சிலரின் எதிர்ப்பால் நிறுத்திவைக்கப்பட்டது. இது மேற்கத்தியச் சரக்கு, பிஞ்சு மனங்களைக் கெடுக்கும் என்றார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்ப் பெற்றோரும் இதையே சொல்வதுண்டு. ஆனால், உடலைப் பற்றிய கல்வி கொழும்புக்கு நேற்று வந்ததல்ல. 1896இல் கனடாவிலிருந்து வந்து, தமிழரான எஸ்.சி.கே. இரத்தினத்தின் மனைவியாக இங்கேயே வாழ்ந்த வைத்தியர் மேரி இரத்தினம், பாடசாலைகளுக்குச் சுகாதாரக் கைநூல் எழுதினார். 1930இல் லங்கா மகிளா சமிதி என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். 1937இல் பம்பலப்பிட்டியிலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். குடும்பத் திட்டமிடலுக்கு ஒரு கிளினிக்கும் அதே ஆண்டு திறந்தார். 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் உருவானபோது அவர் போட்ட பாதை தயாராக இருந்தது. அந்தப் பாதை பெரும்பாலும் தாய்மாரையும் பெண் பிள்ளைகளையும் நோக்கியே போனது. பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அது நியாயம்தான். ஆனால் அந்தக் காலம் போன பிறகும், உடலைப் பற்றி அறிவது பெண்கள் பக்கத்து வேலை என்ற எண்ணம் போகவில்லை.

நம் வழக்கமும் அப்படியே. கலாசாரத்தில் இந்தப் பேச்சே இல்லை என்பவர்கள் ஒரு சாமத்திய வீட்டை நினைத்துப் பார்க்கட்டும். பிள்ளை பெரியவளானதை அழைப்பிதழ் அடித்து ஊருக்குச் சொல்கிறோம். தாய்மாமன் முன்னிற்க, மண்டபம் நிறைந்த சனத்தின் நடுவே ஆலாத்தி எடுக்கிறோம். பூப்பெய்துதலை இத்தனை வெளிப்படையாகக் கொண்டாடும் சமூகம் கூச்சமுள்ள சமூகம் என்று சொல்ல முடியாது. அதே மண்டபத்தில் புதுச் சட்டை போட்டு வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கும் தம்பிக்குத்தான் எதுவும் சொல்வதில்லை. அக்காவுக்கு என்ன நடந்தது என்றும் சொல்வதில்லை. தன் குரல் உடைவதும், உறக்கத்தில் விந்து வெளியேறுவதும் நோயல்ல என்றும் சொல்வதில்லை. அவன் கூட்டாளிகளிடமும் தொலைபேசித் திரையிலும் கேட்டுக்கொள்கிறான்.

தரம் 7 பிள்ளையின் பன்னிரண்டு வயது இதற்குச் சின்ன வயதில்லையா என்பது அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி. சட்டம் அதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, பெண்ணின் சம்மதம் செல்லுபடியாகும் வயது 12இலிருந்து 16ஆக உயர்ந்தது. 2018இன் திருத்தம் குற்றப் பொறுப்புக்கான வயதை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலை உணரும் முதிர்ச்சி உண்டா என்பதை நீதவான் தீர்மானிப்பார். ஆகவே, எந்த வயதில் ஒரு பையனைச் சட்டம் விசாரிக்கத் தொடங்கலாமோ, அந்த வயதில் அவன் கைக்கு வரவிருந்த நூலையே நாம் தடுத்தோம். சம்மதம் என்றால் என்ன என்று கற்பிக்காமல், அதை மீறினாயா என்று கேட்பது எனக்கு அநீதியாகவே படுகிறது. அவனே துன்புறுத்தலுக்கு ஆளானாலும், நடந்ததைச் சொல்ல அவனிடம் சொற்கள் இருக்காது.

பெற்றோர் முதலில் பார்க்காத பாடத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்ற ஆட்சேபணையை நான் ஏற்கிறேன். மேரி இரத்தினத்தின் சமிதியும் வளர்ந்தவர்களிடம்தான் முதலில் போனது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பாடத்தைத் தமிழில் வரிக்கு வரி வாசித்துக் காட்டலாம். அந்தக் கூட்டத்துக்குத் தாய்மாரை மட்டும் அனுப்பாமல், தகப்பன்மாரும் வந்து உட்கார வேண்டும்.