ஜாவாஸ்கிரிப்டில் ஒத்தியங்கு, ஒத்தியங்காக் கோப்பு வாசிப்பு

ஒத்தியங்கு கோப்பு வாசிப்பு என்பது, ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதும் வந்துசேரும் வரை நிரலின் அடுத்த வரியை இயக்காமல் காத்திருக்கும் முறை ஆகும். ஒத்தியங்காக் கோப்பு வாசிப்பில், நிரல் வாசிக்கும் பணியை ஒப்படைத்துவிட்டு உடனே அடுத்த வரிக்குச் செல்லும். உள்ளடக்கம் வந்ததும், முன்பே கொடுக்கப்பட்ட செயற்கூறு ஒன்று அழைக்கப்படும். இச்செயற்கூறு மீளழைப்பு எனப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பொதுவாக ஒரே இழையில் இயங்குவதால், இம்மொழியில் இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது.

எடுத்துக்காட்டு

திருப்பூர் மாநகராட்சிக்கு உட்பட்ட நல்லூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். பின்னிய துணி சாயப்பட்டறைக்கு அனுப்பப்படுகிறது. அது திரும்பும் வரை வெட்டும் மேசையும் தையல் எந்திரங்களும் நிறுத்தப்படுவதில்லை. வேறு ஆர்டரின் வேலை நடக்கிறது. சாயமிட்ட துணி வந்ததும் அதற்குரிய வெட்டு தொடங்குகிறது. இது ஒத்தியங்கா முறை. மேலாளர் தொழிற்கூடத்தைப் பூட்டிவிட்டுச் சாயப்பட்டறை வாசலில் நின்றால் அது ஒத்தியங்கு முறை. சாயமேறும் நேரம் இரண்டிலும் ஒன்றே. ஆகவே, ஒத்தியங்கா முறை தனியொரு கோப்பை விரைவாக வாசிக்கும் என்று கருதுவது தவறு.

நோட்.ஜேஎஸ்

1995இல் நெட்ஸ்கேப் உலாவிக்காக பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டை, வழங்கிகளில் பரவலாகப் பயன்படுத்த வழிவகுத்தது 2009இல் ரயன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ். இதில் கோப்பு வாசிக்க ரீட்ஃபைல் (ஒத்தியங்கா), ரீட்ஃபைல்சிங்க் (ஒத்தியங்கு) எனும் இரு செயற்கூறுகள் உள்ளன. முன்னது, வாசிப்பை லிப்யுவி நூலகத்தின் துணை இழைகளிடம் ஒப்படைக்கிறது. இவை இயல்பிருப்பாக நான்கு. (இழை என்ற கலைச்சொல் பின்னலாடை நகரத்தாருக்கு அந்நியமாகத் தோன்றாது.)

வழங்கி ஒன்று ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கோப்பை ஒத்தியங்கு முறையில் வாசிக்கிறது, அதற்கு 20 மில்லிநொடி ஆகிறது எனக் கொள்வோம். ஒரே கணத்தில் 50 பேர் கேட்டால், கடைசி நபர் ஒரு முழு நொடி காத்திருக்க நேரிடும். அந்த நொடியில் கோப்பே தேவைப்படாத பிற பயனர்களுக்கும் மறுமொழி கிடைக்காது. மாறாக, நிரல் தொடங்கும்போது அமைப்புக் கோப்பை ஒருமுறை வாசிப்பதற்கும், கட்டளைவரியில் இயங்கும் சிறு நிரல்களுக்கும் ஒத்தியங்கு முறையே எளிது. அதைத் தவிர்க்கக் காரணமில்லை.

தொடக்கநிலையாளர்கள் ரீட்ஃபைலை அழைத்த அடுத்த வரியிலேயே உள்ளடக்கத்தைப் பயன்படுத்த முயல்வதுண்டு. அப்போது மாறி இன்னும் வெறுமையாகவே இருக்கும். பிழை கையாளுதலும் வேறுபடும்: ஒத்தியங்கு முறையில் கோப்பு இல்லையெனில் பிழை எறியப்படும், மீளழைப்பு முறையில் அது செயற்கூற்றின் முதல் உள்ளீடாக வரும், அதைச் சோதிக்காவிட்டால் தவறு கவனிக்கப்படாமல் போகலாம். 2015இல் சீர்தரத்தில் சேர்ந்த பிராமிஸ், 2017இல் சேர்ந்த அசிங்க்–அவெய்ட் ஆகியவற்றால், ஒத்தியங்கா நிரலையும் வரிசையாகப் படிக்கும்படி எழுத முடிகிறது. அவெய்ட் தான் இருக்கும் செயற்கூற்றை மட்டுமே நிறுத்தி வைக்கும், வழங்கியை அல்ல.

உலாவிகளில், பயனர் தேர்ந்தெடுத்த கோப்பை ஃபைல்ரீடர் ஒத்தியங்கா முறையில் வாசிக்கும். ஒத்தியங்கு வடிவமான ஃபைல்ரீடர்சிங்க், பக்கம் உறைந்துவிடாதிருக்க, பின்னணி ஒர்க்கர்களில் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது.

தமிழ்க் கோப்புகள்

பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாக வாசிக்கும்போது தமிழுக்கென ஒரு சிக்கல் எழுகிறது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் கொள்ளும். "நல்லூர்" என்ற சொல் ஏழு குறியீடுகள், அதாவது 21 பைட்டுகள். நோட்.ஜேஎஸ் கோப்பு ஓடையின் இயல்பான துண்டு 65,536 பைட்டுகள். இது மூன்றால் மீதியின்றி வகுபடாது. தமிழ்க் குறியீடுகளே நிறைந்த கோப்பில், முதல் துண்டில் 21,845 குறியீடுகள் முழுமையாக அடங்கி, அடுத்ததன் ஒரு பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். துண்டுகளைத் தனித்தனியே சரமாக மாற்றி இணைத்தால் அவ்விடத்தில் எழுத்து சிதைந்து, பதிலீட்டுக் குறி தோன்றும். ஆங்கில எழுத்துகள் ஒரு பைட் மட்டுமே கொள்வதால், ஆங்கிலக் கோப்புகளால் மட்டும் சோதிக்கப்பட்ட நிரலில் இப்பிழை வெளிப்படாது. ஓடைக்கு யுடிஎஃப்-8 என முன்பே குறியாக்கம் அறிவித்துவிட்டால், அரைகுறை பைட்டுகள் அடுத்த துண்டு வரும் வரை நிறுத்தி வைக்கப்பட்டு, எழுத்து முழுமையான பின்னரே நிரலுக்குக் கிடைக்கும்.