இல்லத்தில் ஓடும் இருப்புப்பாதை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்மகவின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்து, அவற்றுள் இறுதியாகச் சிறுதேர்ப் பருவத்தை வைத்தனர். வீதியில் பெரிய தேர் அசைந்து வரக் கண்ட குழந்தை, வீட்டு முற்றத்தில் தன் சிறிய தேரை உருட்டி மகிழ்கிறது. இந்தச் சிறுதேரின் வழித்தோன்றலாகவே, இன்று சில இல்லங்களில் ஓடும் சிறிய ரயிலையும் கொள்ளலாம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சிறுதேர் உருட்டிய பிள்ளை வளர்ந்ததும் அதனை மறந்துவிடுவான். சிறு ரயில் செய்பவரோ பெரும்பாலும் பேரன் பேத்தி எடுத்தவர். பேரனுக்காகவே செய்வதாகக் கூறிக்கொள்வார். பேரன் கை நீட்டினால் தொடாதே என்பார்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள தமிழர் தெருக்களை நேயர்கள் அறிந்திருக்கலாம். நவராத்திரியில் கொலுப்படிகளுக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகும் கடுகும் முளைக்கவைத்து வயல் அமைத்து, கல்லடுக்கி மலை எழுப்பி, அம்மலையைச் சுற்றி ஒரு ரயில் விடுவது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். முன்பெல்லாம் அது சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். சுருள்வில் தளர்ந்ததும் வயல் நடுவில் நின்றுவிடும். அந்தத் தகர ரயிலுக்கும், அளவு பிசகாமல் செய்யப்படும் மாதிரி ரயிலுக்கும் இடையே ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் விளையாட்டு ரயில்கள் பெருகியபோது, ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த தண்டவாளத்தில் ஓடாது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தார் 1891 ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில், எண்ணிட்ட நிலையான பாதை அகலங்களோடு தம் ரயில்களைக் கொண்டுவந்து வைத்தனர். வண்டி, தண்டவாளம், பாயின்ட், நிலையம் ஆகியவற்றை ஆண்டுதோறும் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்னும் எண்ணம் அப்போது வேரூன்றியது. வணிகத் தந்திரந்தான், ஆனால் இந்தப் பொழுதுபோக்கு நிலைபெற்றதற்கு அதுவே அடிப்படை. லண்டனில் 1910 இல் மாதிரி ரயில் சங்கம் ஒன்று தோன்றியது. லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட தகட்டுத் துண்டுகளை மரையாணியால் பூட்டி இயந்திரம் சமைக்கும் விளையாட்டுக்கு 1901 இல் உரிமை பெற்றவர்; அவரே 1920 இல் சாவி ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1935 வாக்கில் மேசைமேல் அடங்கும் மின்சார ரயில்கள் ஜெர்மனியில் வந்தன. 1938 இல் ஹார்ன்பி நிறுவனமும் அவ்வளவில் ஒன்றை வெளியிட்டது. தண்டவாளங்கள் இரண்டுக்கும் உள்ளே உள்ள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இந்த எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நம் நாட்டில் இது முதலில் அரண்மனை விளையாட்டாகவே இருந்தது. குவாலியர் அரசரின் விருந்து மேசையைச் சுற்றி வெள்ளியால் ஆன ரயில் ஒன்று மதுக் குடுவைகளைச் சுமந்து ஓடும். விருந்தினர் குடுவையை எடுத்தால் வண்டி நின்றுவிடும். ஜெய்விலாஸ் அரண்மனையில் இன்றும் அதனைக் காணலாம். மற்றவர்களுக்கு வழி ஏது? நாடு விடுதலை பெற்ற பின் பல பத்தாண்டுகள் அயல்நாட்டு நுகர்பொருள்களுக்குக் கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ உறவினர் உள்ளவர்கள், அவர்கள் விடுமுறையில் வரும்போது பெட்டியில் ஓர் எஞ்சினை வரவழைத்துக்கொள்வர். அத்தகைய அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவை நீங்கியது 2001 ஏப்ரலில்தான். இடைப்பட்ட காலத்தில் இந்நாட்டு ஆர்வலர், அட்டையையும் பித்தளைத் தகட்டையும் பழைய பொம்மை மோட்டாரையும் கொண்டு தாமே செய்யக் கற்றார். இல்லாமையே ஆசிரியராக வாய்த்தது என்று இதனைப் புகழ நமக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பேர் தொடங்காமலே விட்டிருப்பர். எனினும், செய்யத் துணிந்த சிலர் மெய்யான ரயிலை அளந்து பார்க்க வேண்டியதாயிற்று. வரலாற்றுக்கு அதனால் நன்மை விளைந்தது.

அளந்து பார்த்தவர் உடனே ஒரு முட்டுக்கட்டையைக் கண்டார். ஐரோப்பிய மேசை ரயில் மெய்யான ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. 16.5 மில்லிமீட்டரை 87 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பிய இருப்புப்பாதையின் அகலம். நம் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். அதனை அதே விகிதத்தில் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கும் சற்று மிகும். ஆகவே கடையில் விற்கும் தண்டவாளத்தின்மேல் நம் நாட்டுப் பெட்டியைச் செய்து நிறுத்தினால், பருத்த உடலை மெலிந்த கால்கள் தாங்குவதுபோல் தோன்றும். பிரிட்டிஷார் இதே தவற்றைத் தம் ரயிலுக்கே செய்துகொண்டனர். அவர்களுடைய எஞ்சின்கள் உருவில் சிறியவை. சுருக்கிய உடலுக்குள் அக்காலத்து மோட்டார் அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் எழுபத்தாறில் ஒரு பங்காகப் பெருக்கி, பாதையைப் பழைய அகலத்திலேயே விட்டுவிட்டனர். இக்குறையைப் பொறாத சிலர் 1960-களில், 18.83 மில்லிமீட்டர் அகலத்தில் பாதையைத் தாமே அமைக்கத் தொடங்கினர். இரண்டு மில்லிமீட்டருக்கு இத்துணைப் பாடா என்று நேயர்கள் வினவலாம். கோயில் விமானத்தின் சிறு உருவைச் செய்யும் தச்சர், நிலைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

இனித் திருவனந்தபுரத்துக்கு வருவோம். இந்நகருக்கு வந்த முதல் இருப்புப்பாதை அகலப்பாதை அன்று; மீட்டர் கேஜ், அஃதாவது ஆயிரம் மில்லிமீட்டர் அகலமுடையது. கொல்லத்திலிருந்து புனலூர், ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து செங்கோட்டைக்குச் செல்லும் பாதை 1904 இல் திறக்கப்பட்டது. மலைப்பகுதி முற்றுப்பெறுமுன் மேற்கே எஞ்சினைக் கொண்டுவர வழியில்லாமையால், அதனைப் பாகம் பாகமாகக் கடல்வழியே கொல்லத்துக்குக் கொணர்ந்து அங்கே பூட்டினர் என்று கூறுவர். பெட்டியில் துண்டுகளாக வந்த எஞ்சினைப் பூட்டி ஓட்டும் இன்றைய ஆர்வலருக்கு இதைவிடச் சிறந்த முன்னோடி வேண்டுமா! 1918 இல் அப்பாதை கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்தின் சாக்கை வரை நீண்டது. 1931 இல் தம்பானூரில் இன்றைய மத்திய நிலையம் திறக்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த மலைப்பாதையில், முன்னும் பின்னும் எஞ்சின் பூட்டிய வண்டியில், குகைகளில் பிள்ளைகள் கூவ வந்து இறங்கியவை.

பின்னர் ஒவ்வொன்றாக மாறிற்று. எர்ணாகுளத்திலிருந்து திருவனந்தபுரம் வரை 1976 இல் அகலப்பாதை வந்தது. 1979 இல் நாகர்கோவில், கன்னியாகுமரிப் பக்கம் புதிய அகலப்பாதை திறந்தது. மலைமேல் மட்டும் மீட்டர் கேஜ் நெடுங்காலம் எஞ்சியிருந்து, 2010 செப்டம்பரில் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையே அதுவும் நின்றது. 2018 இல் அகலப்பாதை வண்டி அவ்வழியே ஓடத் தொடங்கியது. பயணிகளுக்கு அது நன்மையே. அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால் பாதை மாறும்போது தண்டவாளம் மட்டும் மாறுவதில்லை. மேடையின் உயரமும், பாயின்ட் நெம்புகோல்களும், தண்ணீர்த் தொட்டியும், கைகாட்டி மரமும் சேர்ந்தே மறைகின்றன. படம் பிடித்தவர் பலர் உண்டு. ஆனால் தொட்டியின் கால் எத்தனை அடி என்று படத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. அளந்து எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

இவ்விடத்தில் ஒரு வியப்பைக் குறிப்பிட வேண்டும். கண்முன் ஓடும் அகலப்பாதை ரயிலுக்குப் பொருந்தாத கடைத் தண்டவாளம், மறைந்துபோன மீட்டர் கேஜ் ரயிலுக்குப் பொருந்துகிறது! ஆயிரம் மில்லிமீட்டரை எண்பத்தேழால் வகுத்தால் பதினொன்றரை. ஸ்விட்சர்லாந்தின் மலைப்பாதைகள் பல மீட்டர் கேஜ் ஆகையால், அவற்றின் மாதிரிக்கென 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அங்கே ஆயத்தமாக விற்கிறது. அரை மில்லிமீட்டர் வேற்றுமையைக் கண் அறியாது. வளைவிலும் இவ்வாறே. நம் அகலப்பாதையில் அனுமதிக்கப்பட்ட மிக இறுக்கமான வளைவின் ஆரம் 175 மீட்டர். சுருக்கினால் இரண்டு மீட்டர். முழு வட்டம் அமைக்க நான்கு மீட்டர் அகலமுள்ள கூடம் வேண்டும். அதற்கு இல்லத்தரசியார் இசையவும் வேண்டும். மீட்டர் கேஜில் அந்த ஆரம் ஏறத்தாழ 109 மீட்டர், சுருக்கினால் ஒன்றேகால். இரண்டரை மீட்டரில் வட்டம் அடங்கிவிடும். தென்மலைக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் பாலம் ஏறத்தாழ நூறு மீட்டர் நீளமுடையது. மேசைமேல் அது ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட பலகை. ஆயினும் கொல்லம் முதல் செங்கோட்டை வரை உள்ள 94 கிலோமீட்டரை அவ்வாறே சுருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும்! ஆகையால் எதைக் கொள்வது, எதை விடுவது என்று செய்பவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வரலாறு எழுதுபவரின் இடர்ப்பாடும் இதுவேயன்றோ?

திருவனந்தபுரத்தில் இப்பணியைச் செய்பவருக்குக் கடற்காற்று பெரும் பகை. மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்தின் வழியே மோட்டாரை அடைகிறது. 12 வோல்ட் நேர்மின்சாரம். தண்டவாளத்தின்மேல் மெல்லிய களிம்பு படிந்தாலும் வண்டி விக்கி விக்கி ஓடும். இரும்புத் தண்டவாளம் துருவேறும்; பித்தளை கறுக்கும்; நிக்கல் சில்வர் என்னும் கலப்பு உலோகம் ஓரளவு தாங்கும். இடவப்பாதி மழையில் அடிப்பலகை ஈரம் குடித்துப் பருத்துப் பாதையின் இணைப்புகளை நெரிக்கும். கோடையில் அதுவே சுருங்கி இடைவெளி விடும். நாம் ஒருமுறை மலிவான பலகையை வாங்கி, வண்ணம் பூசாமல் பாதை அமைத்தோம். துலாவருஷ மழை ஓய்ந்தபின் பார்த்தால் நம் ஆரியங்காவில் ஒரு புதிய குன்று தோன்றியிருந்தது. கீழே செல் அரித்திருந்தது. அன்றுமுதல் பலகையின் இருபுறமும் வண்ணம் பூசுகிறோம்.

நின்றுபோன எஞ்சினைப் பழுதுபார்ப்பது பலர் அஞ்சுவதுபோல் அரிய வித்தை அன்று. அதனைத் தலைகீழாக மெல்லிய துணிமேல் கிடத்தி, அடித்தகட்டைக் கழற்றினால் பெரும்பாலும் அச்சில் சுற்றிய தலைமயிரும் கம்பள நூலும் கிடைக்கும். இடுக்கியால் அவற்றை எடுத்து, சக்கர விளிம்பை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, பற்சக்கரத்தில் ஊசிமுனையளவு எண்ணெய் இட்டால் போதும். எண்ணெய் மிகுந்தால் அது தண்டவாளத்துக்கு இறங்கி முன்னிலும் கேடு செய்யும். மோட்டாரின் கரிக்கட்டை தேய்ந்திருந்தால் மட்டுமே மாற்றுப்பாகம் தேட வேண்டும். பெட்டி கட்டுவதற்கு இக்காலத்தில் கணினியில் வரைந்து பிளாஸ்டிக்கில் வார்த்தெடுக்கும் கருவி வந்திருக்கிறது. ஆனால் அக்கருவி கொடுத்த அளவைத்தான் வார்க்கும். அளவு தவறானால் தவறும் நூறு படியாகப் பெருகும்.

ஒருவரின் இல்லத்து விளையாட்டு ஊரார் காணும் பொருளாக முடியுமோ என்று ஐயுறுவோர் புனே நகருக்குச் செல்லலாம். அங்கே கோத்ரூடில் பாவ்சாகேப் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் விருப்பமாகச் சேர்த்தும் செய்தும் வளர்த்த சிறு ரயில்கள், 1998 ஏப்ரல் முதல் நாளன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டன. நீராவி எஞ்சினும் அதிவேக ரயிலும் ஒரே சிறு நகரில் ஓடுகின்றன. கைகாட்டிகளும் விளக்குகளும் வேளைக்கேற்ப இயங்குகின்றன. நம் நகரில் வேளி ஏரிக்கரையில் 2020 இல் சூரிய ஒளியால் இயங்கும் சிறு ரயில் ஒன்று தொடங்கப்பட்டது. பாதை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். எஞ்சினிலிருந்து செயற்கைப் புகையும் வரச் செய்தனர். பிள்ளைகள் ஏறி மகிழ ஏற்றது. ஆனால் அதில் கொல்லத்து ரயிலைத் தேடுபவர் ஏமாறுவர். அதற்கென அது அமைக்கப்படவும் இல்லை. மீட்டர் கேஜை இன்றும் கையால் தொட்டு அளக்க விரும்புவோருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் பாதை இருக்கிறது. எஞ்சின் வகை வேறு, பற்சட்டம் உண்டு. ஆனால் பாதையின் அகலம் அதே ஆயிரம் மில்லிமீட்டர்.

கோட்டைக்குள் நாம் அறிந்த ஓர் இல்லத்தில், நவராத்திரியின் ஒன்பது நாளும் கொலுவின் கீழே ஒரு மலைநிலையத்தின் மாதிரியும் இரு பெட்டிகள் கொண்ட மீட்டர் கேஜ் வண்டியும் வைக்கப்படுகின்றன. மஞ்சள் குங்குமம் பெற வரும் முதிய மாமிமார் படிகளில் உள்ள பொம்மைகளைப் பார்ப்பதற்குமுன் அங்கே குனிகின்றனர். சென்ற முறை ஓர் அம்மையார், "தண்ணித் தொட்டி இந்தப் பக்கம் இல்லேப்பா, குகைப் பக்கம், நாங்க கூஜாவில தண்ணி பிடிச்சுப்போம்" என்றார். வீட்டுக்காரர் மறுத்துப் பேசவில்லை. தொட்டியை எடுத்து மறுபக்கம் வைத்துவிட்டு, எத்தனை அடி தள்ளி என்று கேட்டார். அம்மையார் தம் காலால் தரையில் நடந்து காட்டினார். வீட்டுக்காரர் அளவுநாடாவை எடுத்து அந்நடையை அளந்து, பலகையின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.