லைக்கன்களும் கொடைக்கானல் பாதரச மாசும்

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் ஓர் உயிரி. மரப்பட்டையிலும் பாறையிலும் சாம்பல், பச்சை, மஞ்சள் நிறத் திட்டுகளாகப் படர்ந்திருக்கும். செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பெயரை வைத்துப் பலர் அதை வெறும் பாசி என்றே எண்ணுகின்றனர். லைக்கனுக்கு வேர் கிடையாது. மழை, பனிமூட்டம், தூசி ஆகியவற்றிலிருந்தே நீரையும் உப்புகளையும் பெறுகிறது. செடிகளின் இலைமேல் உள்ள மெழுகுப் படலமும் இதற்கு இல்லை. எனவே காற்றில் வரும் நஞ்சும் தடையின்றி உள்ளே சேர்கிறது. மிக மெதுவாக வளர்வதால் பல ஆண்டுகளில் சேர்ந்தது ஒரே திட்டில் தங்கியிருக்கும்.

பின்லாந்து நாட்டவரான வில்லியம் நைலாண்டர் 1866இல் பாரிசின் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களை ஆராய்ந்தார். அங்கிருந்த லைக்கன்கள் பல, நகரின் பிற பகுதிகளில் காணப்படவில்லை. தோட்டத்தின் தூய காற்றே காரணம் என அவர் கருதினார். நிலக்கரிப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு லைக்கன்களை அழிப்பது பின்னர் தெளிவாயிற்று. 1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் ஆகிய இருவரும், மரத்தில் எந்த லைக்கன்கள் உள்ளன என்பதைக் கொண்டே இங்கிலாந்து, வேல்சு பகுதிகளின் காற்று மாசை 0 முதல் 10 வரை தரப்படுத்தும் அளவுகோலை வெளியிட்டனர்.

இது லைக்கன் இருக்கிறதா, இல்லையா என்று பார்க்கும் முறை. மற்றொரு முறையும் உண்டு. லைக்கன் சாகாமல் நஞ்சைச் சேர்த்து வைத்திருந்தால், அதை எடுத்து ஆய்வகத்தில் அளந்துவிடலாம். தமிழ்நாட்டில் இம்முறை பயன்பட்ட இடம் கொடைக்கானல்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிவந்த ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்திடமும் பின்னர் இந்துஸ்தான் லீவரிடமும் இருந்த இந்த ஆலைக்குப் பின்புறம் பாம்பார் சோலைக்காடு. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊரிலுள்ள காயலான் கடையில் குவிந்து கிடப்பது வெளிவந்தது. மக்கள் போராடினர், ஆலை மூடப்பட்டது. கண்ணாடி விற்கப்பட்டது தவறு என நிறுவனம் ஏற்றது. தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்றது.

கண்ணாடிக் குவியல் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பாதரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வேலியைத் தாண்டிக் காற்றில் எவ்வளவு போனது என்று பிறகு எப்படி அறிவது? பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஐதராபாத் ஆய்வகத்தினர் மரங்களிலிருந்த லைக்கனையும் மாஸ் எனும் பாசித் தாவரத்தையும் எடுத்துச் சோதித்தனர். கொடைக்கானல் ஏரிப் பக்கத்து மாதிரிகளில் பாதரசம், தொலைவிலுள்ள பேரிஜம் ஏரிப் பக்கத்து மாதிரிகளில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. ஆய்வு 2003இல் வெளியாயிற்று. பேரிஜம் மாதிரி இல்லையென்றால் இந்த எண்ணுக்குப் பொருளே இருந்திராது; ஒப்பிடத் தூய இடம் ஒன்று வேண்டும்.

அதே 2003இல் ஏறக்குறைய 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வழக்கு அதன் பிறகும் நீடித்தது.

எல்லாத் தொழில் மாசுக்கும் லைக்கன் சாட்சி சொல்லாது. சென்னையின் தெற்கே பம்மல், நாகல்கேணி, பல்லாவரம் பகுதி தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்றது; குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் ஆலையால் வந்தது. இங்குள்ள குரோமியம் பாதரசத்தைப் போல ஆவியாகிப் பரவுவதில்லை. கழிவுநீரோடு மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கிறது. மேலும், கடலோரச் சமவெளியின் வெயிலும் வறட்சியும் லைக்கனுக்கு ஏற்றவை அல்ல. பம்மல் சாலையோர மரமொன்றில் லைக்கன் இல்லை என்பதால் மட்டும் காற்று கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட இயலாது. இங்கே சோதிக்க வேண்டியது கிணற்று நீரையும் மண்ணையும்.