துரையின் தூண்டில் கோல்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் புதிதல்ல. ஆற்றோர மூங்கில் புதரில் ஒரு கோலை வெட்டி, நுனியில் தங்கூசி நூல் கட்டி, மண்புழுவைக் கோத்துப் போட்டால் கெளுத்தியோ விராலோ கிடைக்கும். பங்களாத் துரையும் அக்காலத்தில் மூங்கில் கோலால்தான் மீன் பிடித்தார். ஆனால் அது வேறு வகைக் கோல்.

நாடு திரும்பிய துரைமார் சிலர், பங்களாவில் வேலை செய்தவர்களுக்குச் சில பொருள்களை விட்டுச் சென்றதுண்டு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மகனோடு வாழ்ந்த ஒரு பெரியவரிடம் அப்படி ஒரு கோல் இருந்தது. இளமையில் அவர் தோட்டத்துப் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். தாத்தாவை மகிழ்விக்க எண்ணிய பேரன், அதை மணல் தாளால் தேய்த்துப் புதிய வார்னிஷ் பூசினான். கோல் பளபளத்தது. ஆனால் கைப்பிடிக்கு மேலே மையால் எழுதியிருந்த பெயர் அழிந்துபோயிற்று. மதிப்பில் பெரும்பகுதியும் அதோடு போயிற்று.

ஒரு பெயருக்கு ஏன் அத்தனை மதிப்பு? அதற்கு இந்தக் கோலின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

இத்தூண்டிலில் புழுவைக் கோப்பதில்லை. இறகும் நூலும் கொண்டு கட்டிய செயற்கை ஈயைக் கோக்கிறார்கள். ஈக்குக் கனம் இல்லை. எனவே கோல் சாட்டைபோல் வளைந்து நிமிர்ந்து நூலை வீச வேண்டும். மூங்கிலின் வெளிப்புற நார்தான் உறுதியானது, உட்புறம் மென்மையானது. ஆகவே மூங்கிலைப் பிளந்து, வெளிநாரை மட்டும் முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஆறு பட்டைகளை ஒன்றாக ஒட்டினார்கள். அமெரிக்காவில் துப்பாக்கியும் வயலினும் செய்துவந்த சாமுவேல் பிலிப்பி 1840களில் இவ்வகையில் முன்னோடி. 1870களில் ஹைரம் லியோனார்ட் இதை ஒரு தொழிலாகவே வளர்த்தார். இங்கிலாந்தில் 1872இல் தொடங்கிய ஹார்டி நிறுவனத்தின் 'பாலகோனா' கோல்கள் உலகெங்கும் சென்றன.

முதலில் பயன்பட்டது இந்தியாவிலிருந்து போன 'கல்கத்தா மூங்கில்'. பின்னர் 'டோங்கின் மூங்கில்' அதன் இடத்தைப் பிடித்தது. டோங்கின் என்பது வியட்நாமின் வடபகுதி. ஆனால் இந்த மூங்கில் வளர்வதோ சீனாவின் குவாங்டோங் மாநிலத்து மலைகளில்! தாவரவியல் அறிஞர் மக்ளூர் 1931இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியில் டிரவுட் மீன் நிலைபெற்றது. நுவரெலியாவில் அதற்கு முன்பே விட்டிருந்தார்கள். மலாயாவிலோ ஆங்கிலேயர் தகான் ஆற்றில் கெலா மீனைத் தேடிப் போனார்கள். 1950இல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை விதித்தது. மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடி இழைக் கோல் சந்தையைப் பிடித்தது. 1971இல் தடை நீங்கியபோது மூங்கில் கோல் சிலரது கைவினையாகச் சுருங்கிவிட்டது.

இனி, உங்கள் பரணில் கிடக்கும் கோலை எப்படி அறிவது?

முதலில் அதன் குறுக்கு வடிவத்தைப் பாருங்கள். ஆறு முகம் இருந்தால் ஒட்டிச் செய்த கோல். முழு மூங்கிலாய் உருண்டையாக இருந்தால் சாதாரணக் கோல். மேலே சுட்ட கறுப்புத் தழும்புகள் இருந்தால் அது பழைய கல்கத்தா மூங்கிலாக இருக்கலாம். அடுத்து, கைப்பிடிக்கு மேலும் ரீல் பொருத்தும் உலோகத்திலும் பெயரையும் எண்ணையும் தேடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் மங்கிய எழுத்தும் தெரியும்.

பிறகு துண்டுகளை அருகருகே வையுங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே நீளமாக இருக்கும். நுனித்துண்டு மட்டும் குட்டையானால் அது ஒடிந்திருக்கலாம். பூண்கள் இறுக்கமாகச் சேர்கின்றனவா, பட்டைகளுக்கிடையே பசை விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பசை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சியது. நம் நாட்டு ஈரவெப்பம் அதற்குப் பகை.

பழையது என்பதாலேயே விலை கூடிவிடாது. போருக்குப் பின் ஜப்பானில் செய்து மரப்பெட்டியில் விற்ற கோல்கள் பார்வைக்கு அழகானவை. ஆனால் விலை குறைவு. லியோனார்ட், பெய்ன், காரிசன் போன்றோரின் நல்ல கோல்களோ ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகின்றன. எட்டடிக்குக் குறைந்த இலேசான கோலுக்கு ஒன்பது, பத்தடிக் கோலைவிடத் தேவை அதிகம். துணிப்பை, குழாய், இரண்டாவது நுனித்துண்டு இருந்தால் அவற்றையும் சேர்த்து வையுங்கள். வியாபாரி சொல்லும் விலையை மட்டும் நம்பாமல், அதே பெயர்கொண்ட கோல் ஏலத்தில் உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று விசாரியுங்கள். அதுவரை தேய்க்காதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

பிரிக்பீல்ட்ஸ் பெரியவர் பேரனைக் கடிந்துகொள்ளவில்லை. "நமக்கு யார் சொன்னார்கள், தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இன்றைய பேச்சு. வீட்டுப் பொருளின் வரலாறு தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.