கருவேப்பிலை: மூன்று பெயர்கள்

'கருவேப்பிலை மாதிரி ஆக்கிட்டாங்க' என்று புதுச்சேரியில் ஒருவர் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மணத்துக்குச் சேர்த்துக்கொள்வது, காரியம் முடிந்ததும் ஒதுக்கிவிடுவது. என் அம்மாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. தட்டோரம் இலையை ஒதுக்கினால், 'சத்தே அதுலதாண்டா இருக்கு, மென்னு தின்னு' என்பார். அவர் சொன்னது சரிதான். சுண்ணாம்புச் சத்தும், உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் கரோட்டினும் மிகுந்த இலை அது. இலையை எறியும்போது ருசியை எடுத்துக்கொண்டு ஆரோக்கியத்தை விட்டுவிடுகிறோம்.

அறிவியல் இதற்கு இட்ட பெயர் முர்ராயா கோனிகி. ஒருவர் முர்ரே, மற்றவர், காரைக்காலுக்குச் சற்று வடக்கே டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டில் மருத்துவராக இருந்த கோனிக். இருவரும் லின்னேயஸின் மாணவர்கள். தினமும் இதைக் கிள்ளித் தாளித்தவர்களுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. பெயரிடுவதும் ஒருவகை உடைமையாக்கம்தான்.

மூன்றாவது பெயர் கப்பலேறிப் போனது. 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை மர்த்தினிக்கில் இறக்கியது, 1854இல் குவாதலூப்பில். அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் மர்த்தினிக்குக்கு 25,000க்கும் மேல், குவாதலூப்புக்கு 42,000க்கும் மேல் இந்தியர்கள் போனார்கள். இந்தியப் பெருங்கடலின் ரெயூனியனுக்கு இன்னும் அதிகம். புதுவையும் காரைக்காலும் இந்த ஆள் ஏற்றுமதியின் துறைமுகங்கள். போனவர்களில் நிலமற்றோரும் தலித்துகளும் கணிசமானவர்கள். பதிவேடு அவர்களுக்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தும் பலர் திரும்பவில்லை.

ரெயூனியனில் அவர்களுடைய வாரிசுகள் இன்று பேசுவது கிரியோல். தமிழ் பெரும்பாலும் கோயில் சடங்குகளோடு நின்றுவிட்டது. ஆனால் அங்கே கருவேப்பிலைக்குப் பெயர் 'கலுப்பிலே'. முருங்கைக்கீரைக்கு 'பிரெத் முரூம்'. மொழி வீட்டைவிட்டுப் போன பிறகும் இலையின் பெயர் அடுப்படியில் தங்கியிருக்கிறது. ஆவணக்காப்பகம் எண்ணாகச் சுருக்கியவர்களின் நினைவை ஒரு தாளிப்பு வைத்திருக்கிறது.

இங்கே நிலைமை என்ன? பழைய வெள்ளை நகரத்து உணவகங்களில் 'பிரெஞ்சு–தமிழ் கலப்புச் சமையல்' என்றொரு கதையாடல் ஓடுகிறது. துரையும் சமையல்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சமமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டதுபோல. அதன் நட்சத்திரம் 'வதுவான்' என்ற பிரெஞ்சு மசாலா. அது நம் வடகத்தின் வழிவந்ததுதான். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கருவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டு உருட்டி, வெயிலில் பெண்கள் காயவைப்பது. மசாலா ஐரோப்பியச் சமையலறைக்குப் போன கதையைப் பெருமையோடு சொல்கிறோம். அதே கடற்கரையிலிருந்து கரும்புக்காட்டுக்கு ஏற்றப்பட்டவர்களின் கதையை ஓரமாய் ஒதுக்கிவிடுகிறோம்.

ருசியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யார் உழைப்பு, யார் உடம்பு என்று கேட்காமல் எழுத முடியாது என்று நினைக்கிறேன். அம்மா கடைசிக் காலத்தில் பல் இல்லாமல் இலையை மெல்ல முடியாதபோது, புளியும் மிளகாயும் வைத்துத் துவையலாக அரைத்துவிடுவார். 'இப்ப எப்படி ஒதுக்குவீங்க, பாக்கலாம்' என்பார்.