சிங்கப்பூர்ப் படக்கொட்டகைகளின் வரலாறு

தேக்காச் சந்தையிலிருந்து புறப்பட்டு மெக்கன்சி ரோட்டில் திரும்பினால், மவுண்ட் எமிலிக் குன்றின் அடிவாரத்தில் ரெக்ஸ் என்னும் கட்டடம் நிற்கக் காணலாம். உலகப்போர் முடிந்த மறு ஆண்டில், அதாவது 1946ஆம் ஆண்டில், அது படமாளிகையாகத் திறக்கப்பெற்றது. முதலில் அங்குக் காட்டப்பட்ட படம் ‘ஜங்கிள் புக்’. அதில் மௌக்ளியாக நடித்த சாபு, மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் ஒருவரின் மகன். சிராங்கூன் ரோட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு புதிய அரங்கு நம் நாட்டுப் பிள்ளை ஒருவனின் முகத்தோடு திறக்கப்பட்டது தற்செயலே என்றாலும் நினைத்துப் பார்க்க இனிக்கிறது. 1983இல் ரெக்ஸ் மூடப்பட்டது. பின்னர் அது பனிச்சறுக்கு ஆடும் இடமாயிற்று. கிறிஸ்தவர் கூடித் தொழும் இடமாகவும் சில காலம் இருந்தது. 2009ஆம் ஆண்டில் மூன்று திரைகளோடு மீண்டும் படமாளிகையாகி, அங்கே தமிழ்ப்படங்கள் ஓடின.

ஒரு கொட்டகை தன் தொழிலை விட்ட பிறகு என்ன ஆகிறது என்பது சிறு கேள்வியாகத் தோன்றும். சற்றே துருவிப் பார்த்தால், இந்நகரின் நூறாண்டு வரலாறு அந்தக் கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது. நம்மவர்க்கு அந்த வரலாற்றில் உள்ள பங்கும் அதிலேதான் கிடக்கிறது.

தொடக்கத்தில் கட்டடமே இல்லை, கூடாரம்தான் இருந்தது. 1901ஆம் ஆண்டு முதல் 1907 வரை அப்துலலி யூசுபலி என்ற இந்தியர் படம் காட்டும் கருவியையும் ஒரு பெருங்கூடாரத்தையும் சுமந்துகொண்டு பர்மா, இலங்கை, சுமத்ரா, ஜாவா, சிங்கப்பூர் எனச் சுற்றிவந்தார். அக்கூடாரம் நூறு அடி நீளமும் ஐம்பது அடி அகலமும் உடையது. ஏறத்தாழ ஆயிரம் பேர் அமரலாம். அதே காலத்தில்தான், 1905இல், திருச்சியில் இரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் கருவியை விலைக்கு வாங்கித் தமிழ்நாட்டு ஊர்களில் படம் காட்டத் தொடங்கினார். அவர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி ஓரிடத்தில் நிலைத்தார். சென்னை மவுண்ட் ரோட்டில் 1913இல் எழுந்த எலெக்ட்ரிக் தியேட்டர் பிற்காலத்தில் அஞ்சல் துறையின் கைக்குப் போய், தபால்தலை சேகரிப்போருக்கான நிலையமாயிற்று. ஆகவே, படக்கொட்டகை வேறொன்றாக மாறுவது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய செய்தியன்று.

கூடாரத்துக்குப் பிறகு வந்த கொட்டகைகளும் எல்லாம் படத்துக்கென்றே பிறந்தவை அல்ல. மலாய் மக்களின் பங்சாவான் நாடகத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1870களில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைக் கண்டு, அவற்றைப் பின்பற்றி எழுந்த கலை அது. 1885இல் முதன்முதலாக அதற்கெனக் குழு அமைத்தவர் மாமாக் புஷி. பெயரில் உள்ள ‘மாமாக்’ என்ற சொல்லே அவர் எவ்வினத்தவர் என்பதைச் சொல்லிவிடும். சிங்கப்பூர் நார்த் பிரிட்ஜ் ரோட்டில் இருந்த ராயல் தியேட்டர் இப்படிப் பங்சாவான் நடந்த மேடைதான். பம்பாய்ப் பாட்டும் அரபுக் கதையும் மலாய் மொழியில் ஒலித்த அந்த மேடையில் பிறகு வெள்ளைத்திரை தொங்கிற்று. அந்தத் திரையில் தமிழ்ப்படங்கள் ஓடின. அதே ரோட்டில் இருந்த டைமண்ட் தியேட்டரும் தமிழர் திரளும் இடமாக இருந்தது. சீனர் பக்கத்திலும் இதே கதைதான். இயூ தோங் சென் என்ற செல்வர் 1920களின் இறுதியில் கந்தோனிய இசைநாடகத்துக்காகக் கட்டிய அரங்கு 1938இல் மெஜெஸ்டிக் படமாளிகையாயிற்று. அவருடைய மனைவியருள் ஒருவரை வேறோர் அரங்கில் உள்ளே விடவில்லை என்றும், அந்தக் கோபத்தில் இதைக் கட்டினார் என்றும் ஒரு கதை உண்டு.

இவை எல்லாவற்றிலும் நம்மவர் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைக்க வேண்டியது காத்தே. ஹேண்டி ரோட்டின் முனையில், லோக் வான் தோ என்ற இளைஞரும் அவர் அன்னையும் எழுப்பிய அந்த அரங்கு 1939 அக்டோபர் 3ஆம் நாள் ‘ஃபோர் ஃபெதர்ஸ்’ என்ற படத்துடன் திறந்தது. (ரெக்ஸின் ‘ஜங்கிள் புக்’கை இயக்கிய சோல்டான் கோர்டாவே இதையும் இயக்கியவர்.) ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆசனங்கள்; உள்ளே குளிர்காற்று. வெயிலில் வெந்து வந்தவனுக்குப் படம் எப்படி இருந்தாலும் கொடுத்த காசு செரித்துவிடும். அரங்கின் பின்னே எழுந்த அடுக்குமாடி நகரிலேயே உயரமான கட்டடமாயிற்று. மலாயா ஒலிபரப்பு நிலையமும் அதில் குடியேறியது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது, அடிபட்டவர்களும் அடைக்கலம் தேடியவர்களும் அங்கே ஓடிவந்தனர்.

நகரம் வீழ்ந்தபின் அதன் பெயர் ‘தாய் தோவா கெக்கிஜோ’. மகா கிழக்காசிய அரங்கம் என்பது பொருள். ஜப்பானியரின் ஒலிபரப்பும் பிரசாரமும் அந்தக் கட்டடத்திலிருந்து நடந்தன. 1943 ஜூலை 4ஆம் நாள் அந்த அரங்கில் ராஷ் பிகாரி போஸ், இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அதே மேடையில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. அப்பிரகடனத்தை நேதாஜி ஓர் இரவில் எழுதினார். எழுதிய தாள்களை எஸ். ஏ. அய்யர் ஒவ்வொன்றாக வாங்கித் தட்டச்சில் ஏற்றினார். உறுதிமொழி எடுக்கும்போது நேதாஜியின் குரல் தழுதழுத்துச் சற்று நேரம் பேச்சு நின்றுவிட்டது. அந்த அமைச்சரவையில் இருந்த ஒரே பெண், சிங்கப்பூரில் மருத்துவராய் இருந்த லெட்சுமி சுவாமிநாதன். மறுநாள் ஜான்சிராணிப் படைக்கான பயிற்சி முகாம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் தொடங்கியது. அப்படையிலும் இந்தியத் தேசிய இராணுவத்திலும் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் மிகப் பலர். பால்மரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கியவர்கள்.

ஒரு படக்கொட்டகையில் ஓர் அரசு பிறந்தது என்றால் மாணவர்கள் நம்புவதில்லை. “சினிமாவில் காட்டினார்களா, சார்?” என்று கேட்கிறார்கள். ஆயிரம் பேருக்குமேல் மழையில் நனையாமல் கூடவும், மேடையில் பேசுவோன் குரல் கடைசி வரிசைவரை கேட்கவும் அன்று வேறு எத்தனை இடங்கள் இருந்தன? கொட்டகை என்பது கூட்டம் கூடும் இடம். படம் அதற்கு வாய்த்த பல வேலைகளில் ஒன்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்நாளில் ஜப்பானின் பெரும் இயக்குநரான யசுஜிரோ ஓஸு, இந்திய விடுதலைப் போரைப் பற்றிப் படம் எடுக்கவென்று இராணுவத்தால் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டிருந்தார். படம் முடியவே இல்லை. பகைவரிடமிருந்து கைப்பற்றிய அமெரிக்கப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு அவர் போர்க்காலத்தைக் கழித்தார். ‘சிட்டிசன் கேன்’ படத்தை அவர் பார்த்ததும் இங்கேதான். 1945இல் ஆங்கிலேயர் திரும்பினர். நேதாஜி அரசு அமைத்த அதே கட்டடத்தில் மவுண்ட்பேட்டன் தம் தலைமையகத்தை அமைத்துக்கொண்டார். கீழே மீண்டும் படம் ஓடத் தொடங்கியது.

போருக்குப் பிந்திய இருபது ஆண்டுகளே கொட்டகைகளின் பொற்காலம். ஷா சகோதரர்கள் ஒருபுறம், காத்தே நிறுவனம் மறுபுறம். ஷா நிறுவனம் பலஸ்டியர் வட்டாரத்து ஜாலான் அம்பாஸில் 1967வரை மலாய்ப் படங்களை எடுத்துத் தள்ளியது. அவற்றை இயக்கியவர்களுள் பி. எஸ். ராஜ்ஹான்ஸ், பி. என். ராவ், எஸ். இராமநாதன், எல். கிருஷ்ணன், பணி மஜும்தார் என இந்தியர் பலர். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். தமிழ்ப்படத்தின் பாட்டும் கண்ணீரும் மலாய்ப் படத்துக்குள் எப்படிப் புகுந்தன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தோட்டங்களில் நாங்கள் இதன் எதிரொலியைத்தான் கேட்டோம். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவார்கள். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்புறம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குக் கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். எழுத்துக்கள் எல்லாம் தலைமாறி ஓடும். படிக்கத் தெரியாத பாட்டிமார்க்கு அதனால் குறை ஒன்றும் இல்லை.

1963இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது. 1980களில் வீடியோ நாடா வீட்டுக்குள் புகுந்தது. 1992இல் ஈசூனில் ஒரே கட்டடத்துக்குள் பத்துத் திரைகள் கொண்ட மாளிகை திறந்ததும், ஒரே திரையும் ஆயிரம் ஆசனமும் கொண்ட பழைய கொட்டகைக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. ஆசனம் நிறையாவிட்டாலும் விளக்குக்கும் குளிர்காற்றுக்கும் செலவு குறையாது. தஞ்சோங் பகாரில் 1958இல் கட்டிய மெட்ரோபோல் ஃபேர்ஃபீல்டு மெதடிஸ்டு சபையின் ஆலயமாயிற்று. குவீன்ஸ்டவுனில் இருந்த வீனஸ் அரங்கும் மற்றொரு திருச்சபையின் ஆலயமாயிற்று. கொட்டகையைத் தேவாலயமாக்கச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. தூண் மறைக்காத கூடம், சரிந்த தரை, எல்லோரும் ஒரே திசை நோக்கும் ஆசன வரிசை எல்லாம் முன்பே இருக்கின்றன. திரை இருந்த இடத்தில் பீடம் வைத்தால் போதும். மெஜெஸ்டிக் 1998இல் மூடிக் கடைத்தொகுதியாகி, பின்பு குதிரைப் பந்தயச் சூதுகூடமாகவும் ஆயிற்று. கற்புக்கரசியர் கதைகளை இசைநாடகமாய்ப் பாடிய மேடைக்கு நேர்ந்த கதி அது.

ஜாலான் புசாரை அடுத்த நியூ வேர்ல்டு கேளிக்கைப் பூங்கா 1923இல் தோன்றியது. படக்கொட்டகை, நாடகம், குத்துச்சண்டை எனச் சிராங்கூன் ரோட்டுத் தொழிலாளிக்கு வேலை முடிந்த பின் கால்நடையாய்ப் போகக்கூடிய உலகம் அது. அவ்விடத்தில் 2009இல் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி எழுந்தது. பழைய வாயில் ஒன்றை மட்டும் அருகில் உள்ள பூங்காவில் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இனி, காத்தலைப் பற்றி ஒரு சொல். 1930இல் நமாஸி என்ற பாரசீக வணிகரின் கட்டடத்தில் திறந்த கேப்பிட்டல், 1998இல் மூடி, 2015இல் புதுக்கோலத்தில் மீண்டது. ஆசனங்கள் தரைக்கடியில் புரண்டு மறைந்து சமதளமாகும் பொறியை அங்கே அமைத்திருக்கிறார்கள். காத்தேயின் முகப்பு 2003இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. முகப்பை மட்டும் நிறுத்திப் பின்னால் உள்ளதை இடித்து 2006இல் புதுக்கட்டடம் எழுப்பினர். நேதாஜி நின்ற மேடை ஆகவே இல்லை; அதற்குச் செல்லும் வாசல் மட்டும் உண்டு. 2022இல் காத்தேயின் படமாளிகை அங்கே மூடப்பட்டது. பீச் ரோட்டில் 1973இல் திறந்த கோல்டன் அரங்கில் 2014இல் இளைஞர் சிலர் புரொஜெக்டர் என்ற பெயரில் படம் காட்டத் தொடங்கினர். அதுவும் 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது.

முகப்பு அழகாய் இருந்தால் சட்டம் காக்கிறது. அதைக் குறைகூற மாட்டேன். ஒன்றும் இல்லாததற்கு வாசலாவது இருக்கட்டும். ஆனால், ராயலுக்கும் டைமண்டுக்கும் பேர்போன கட்டடக்கலைஞர் இல்லை, கோபுரம் இல்லை. அவற்றின் பெருமையெல்லாம் உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள்: துறைமுகத் தொழிலாளர், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர், கடற்படைத்தளத்து ஊழியர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தவர்கள். அவர்களுடைய சுவடு நினைவுச்சின்னப் பட்டியலில் கிடைக்காது. தமிழ் நாளிதழ்களின் விளம்பரப் பத்திகளில் கிடைக்கும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலகம் இன்று கணினி வழியே எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. எந்தக் கொட்டகை, எந்தப் படம், எத்தனை மணி ஆட்டம் என்பதை ஆண்டுவாரியாக எழுதியெடுத்தால் ஒரு பட்டியல் தேறும். பல்கலைக்கழகத்தார் வரும்வரை காத்திராமல் உயர்நிலைப்பள்ளி மாணவர்களே இதைச் செய்துவிடலாம்.

பட்டியலில் வராதவையும் உண்டு. பெண்களுக்குத் தனி இடம் விட்டிருந்தார்களா, கடைசி ஆட்டம் முடிந்து கடற்படைத்தளத்துக்கு எப்படித் திரும்பினார்கள், இடைவேளையில் என்ன விற்றார்கள் என்பவற்றை விளம்பரம் சொல்லாது. இருந்து பார்த்தவர்தாம் சொல்ல வேண்டும். 1946இல் ரெக்ஸ் திறந்தபோது எட்டு வயதில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாபுவைப் பார்க்கப் போன பிள்ளைக்கு இப்போது எண்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது.