கண்மாயில் ஒரு கல்யாண முருங்கை

ராஜபாளையத்தில் கடல் கிடையாது, கண்மாய்தான். ஆனாலும் அலைச்சறுக்குப் பலகை செய்யணும்னு ஒரு கிறுக்குப் பிடித்தது. அதுவும் அடியில் மீன்துடுப்பு மாதிரி எதுவும் இல்லாத பழைய வகை. 1935இல் டாம் பிளேக் பலகையடியில் துடுப்பு பொருத்தும்வரை ஹவாய்க்காரர்கள் வெறும் பலகையில்தான் அலை ஏறினார்கள். நீளமான ஓலோ பலகைக்கு அவர்கள் விரும்பியது விலிவிலி மரம். அது யாருன்னு பார்த்தால், நம்ம வேலியோரக் கல்யாண முருங்கைக்குப் பங்காளி! இரண்டும் எரித்ரைனா பேரினம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மரம் என்றால் கனம், உறுதி. கடலுக்கு நேர்மாறு: லேசாக இருக்கணும். சோழமண்டலக் கரையில் கட்டுமரத்துக்குத் தணக்கு மரத்தைத் தேடியது அதனால்தான். 1697இல் வெளிவந்த பயண நூலில் வில்லியம் டாம்பியர், ஒரே ஆள் கால் நனைய உட்கார்ந்து போகும் சிறு கட்டுமரங்களைச் சொல்கிறார். துடுப்பில்லாப் பலகைக்கு இதைவிட நெருங்கிய உறவு உண்டா?

கல்யாண முருங்கைக் கட்டையில் இரண்டு பலகை செய்தேன். மூக்கு தட்டையாக இருந்தது தண்ணிக்குள் குத்தியது. மூக்கை மேல்நோக்கிச் செதுக்கியது நன்றாகவே மிதந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் தண்ணி குடித்துக் கனத்துப்போச்சு. மீனவர்கள் கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடுவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஃபைபர் படகைக் காயப்போட வேண்டியதில்லை. அதனால் எந்த மரம், எப்படிச் செதுக்குவது என்ற அறிவும் கரையிலிருந்து மெல்லக் கழன்றுபோகிறது. உங்களுக்குத் தெரிந்த பெரியவர் யாராவது கட்டுமரம் செதுக்கியவராக இருந்தால், எந்த மரம் என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.